கம்பிவழித் தூது

தூது இலக்கியத்தை வகுப்பில் பயிற்றும்போது, தூது விடுதற்குரியன அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்தென்று கூறும் மரபினை மாணவர்க்கு எடுத்துரைப்பது எம் வழக்கம். அங்ஙனம் உரைக்குந்தோறும் பதினொன்றாவதாக ஒன்று எம் நினைவிற்கு வரும். அஃது இரண்டு செப்புக் கம்பிகளும் அவற்றின் முனையில் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றுமாம். புலவர் விடுத்த மேகமோ கிளியோ பாதி வழியில் செய்தியைக் கைவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே மீண்டு, மறுபடியும் முதற்சொல்லிலிருந்து தொடங்கியதாக யாம் எந்நூலிலும் படித்ததில்லை. எம் தூது அங்ஙனமே செய்தது; ஒருமுறை அன்று, பதினேழு முறை. அதனை வழிக்குக் கொண்டுவர நீலமலைச் சாரலில் ஒன்பது நாள் யாம் பட்ட பாட்டினை ஈண்டு எழுதுகின்றோம். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தை இன்றைய மாணவச் செல்வங்கள் கண்டறியார் ஆதலின், அதன் இயல்பினையும் இடையிடையே கூறிச் செல்வோம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கியது. தொடக்கத்தில் அது சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய பெருநகரங்களுக்கே உரிய செல்வமாக இருந்தது. 1998இல் தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறை திறந்துவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் பாரத் சஞ்சார் நிகம் தோன்றியது. இவ்வாறு படிப்படியாகவே இணையம் சிற்றூர்களையும் மலையூர்களையும் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்தது என்று யாம் கூறுவது அணிக்காக அன்று. அக்காலத்து இணையம் இன்றுபோல் எந்நேரமும் வீட்டில் குடியிருப்பதில்லை. மோடம் என்னும் கருவி தொலைபேசியைப் போலவே ஓர் எண்ணைச் சுழற்றி அழைக்கும். மறுமுனையில் இன்னொரு மோடம் எடுக்கும். இரண்டும் ஒலியால் பேசிக்கொள்ளும். பேச்சு முடிந்ததும் கம்பியை வைத்துவிட வேண்டும். வையாவிடின் திங்கள் முடிவில் வரும் தொலைபேசிக் கட்டணச் சீட்டு நம்மை வைத்துவிடும். அமெரிக்க நாட்டில் இம்முறையால் பெரும்பெயர் பெற்ற ஏ.ஓ.எல். நிறுவனம் தன் கம்பிவழிச் சேவையை 2025 செப்டம்பர் 30இல்தான் முடித்துக்கொண்டது என்றால், அதன் ஆயுள் யாவரும் எண்ணியதினும் நீண்டதே.

இனிச் செய்திக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, எம் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தமக்கையாரின் கணவர் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றில் அலுவலக எழுத்தராகப் பணியாற்றி வந்தார். நீலமலையின் மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறும். குன்னூரும் கோத்தகிரியும் அமைந்த கீழ்ச்சரிவோ வடகிழக்குப் பருவக்காற்றையே பெரிதும் நம்பியிருப்பது. ஆகவே யாம் சென்ற காலம் அப்பகுதிக்கு அடைமழைக் காலம். பகலிலும் மஞ்சு இறங்கி வாசற்படியில் நிற்கும். துணி காய மூன்று நாள் ஆகும். உப்புக் குடுவையில் உப்பு நீராகும்.

அத்தோட்டத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் சில இருந்தன. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை பாதிப் பாதியாகப் பிரித்தது. எண்களைப் பிரிப்பது எளிது. அவ்வெண்களுக்குள் ஒரே வீட்டில் பிறந்த அக்காளும் தங்கையும் இருவேறு பக்கம் விழுந்துவிடுவதுண்டு. எம் தமக்கையார் வீட்டுக்கு அடுத்த லயத்தில் மகனோடு வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் கதையும் அதுவே. அவர் 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, பின் நீலமலை ஏறியவர். அவருடைய தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அட்டனை அடுத்த தோட்டத்திலேயே தங்கிவிட்டார். 1980களில் போர் மூண்டு கப்பலும் நின்றது. இருபத்தேழு ஆண்டுகளாக அவ்விருவரும் முகம் பார்த்துக்கொண்டதில்லை. கடிதம் மட்டும் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வரும்.

அவ்வாண்டு அக்டோபரில் வந்த கடிதத்தில், தங்கை உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்து மீண்ட செய்தியும், பேரன் அட்டன் நகரில் கணிப்பொறி கற்று வருவதால் அவளுடைய நிழற்படத்தை மின்னஞ்சலில் அனுப்ப இயலும் என்ற செய்தியும் இருந்தன. மூதாட்டி அக்கடிதத்தோடு எம் மச்சானிடம் வந்தார். தோட்டத்தில் மின்னஞ்சல் முகவரி உடையவர் அவர் ஒருவரே. முகவரி அட்டனுக்கு அஞ்சலில் போயிற்று. அதன்பின் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த மருமகளோடு வந்து வாசற்படியில் அமர்ந்துகொண்டு மூதாட்டி ஒரே வினாவைக் கேட்பார். இலங்கைத் தோட்ட வழக்கு அவர் நாவினின்றும் மாறவில்லை.

“கிளாக்கரய்யா, தங்கச்சி வந்திருச்சா?”

படம் வந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

வந்துதான் இருந்தது, ஆயின் கோவையிலோ சென்னையிலோ எங்கோ ஒரு கணிப்பொறியின் அஞ்சற்பெட்டிக்குள் கிடந்தது. அதனைக் கீழே இறக்குவதே பெரும்பாடாயிற்று.

மடிக்கணினியின் தகுதியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அது ஏறத்தாழ 1996ஆம் ஆண்டில் செய்யப்பட்டு, இருவர் கைமாறி எம் மச்சானிடம் வந்தது. நினைவகம் 16 மெகாபைட்டு. மின்கலம் உயிரிழந்துவிட்டமையால் மின்கம்பியில் பொருத்தினாலன்றி இயங்காது. எடை அம்மிக்குழவிக்குச் சற்றுக் குறைவு. அதன் விலாப்பக்கத்துப் பிளவில் சீட்டுப் போன்றதொரு மோடம் அட்டையைச் செருகவேண்டும். அவ்வட்டையிலிருந்து விரல்நீளக் கம்பி ஒன்று தொங்கும். அக்கம்பியின் முனையில் தொலைபேசி வடத்தை மாட்டவேண்டும். அட்டையில் 56 கே என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. நொடிக்கு 56 ஆயிரம் நுண்துகள் என்பது அதன் பொருள். மலையில் அது மணமகன் வீட்டார் கூறும் சம்பளத் தொகையைப் போன்றதே.

முதல் இடையூறு அழைக்கும் முன்னரே வந்தது. எண்ணைச் சுழற்றுமாறு ஏவினால், டயல் டோன் இல்லை, பிழை 680 எனத் திரையில் எழுத்துத் தோன்றும். அதே வடத்தைத் தொலைபேசியில் மாட்டிக் காதில் வைத்தால் டயல் டோன் தெளிவாகக் கேட்கும். மனிதச் செவிக்குக் கேட்பது கருவிக்குக் கேளாததன் காரணம் விந்தையானது. டயல் டோன் நாடுதோறும் வேறுபடும். அமெரிக்காவில் அது 350, 440 ஹெர்ட்சு என்னும் இரண்டு சுருதிகளின் கலவை. இந்தியாவிலோ 400 ஹெர்ட்சுச் சுருதியை 25 ஹெர்ட்சு அதிர்வால் அசைத்து எழுப்புவது. அமெரிக்கச் சுருதிக்குச் செவி பழகிய மோடம் நம்மூர்ச் சுருதியை இரைச்சல் என்று எண்ணி வாளா இருந்துவிடும். இதற்கு மருந்து, மோடத்திற்கு எக்ஸ் 3 என்னும் ஆணையை இடுதல். டயல் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றிவிடு என்பதே அதன் பொருள். 1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் தன் மோடத்திற்கு வகுத்த ஆணைத்தொகுதியைப் பிற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டமையால், இருபதாண்டு கழித்துச் செய்த எந்த மோடமும் இம்மொழியை அறியும். விண்டோசில் மோடத்தின் பண்புகளைத் திறந்து, எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் என்னும் கட்டத்தில் அதனை எழுதினோம். 680 அத்துடன் ஒழிந்தது.

அழைப்புப் போயிற்று. மறுமுனை எடுத்தது. அதன்பின் எழும் ஓசையைக் கேட்டவர் மறவார். கேளாதவர்க்கு உரைப்பது அரிது. முதலில் 2100 ஹெர்ட்சில் நீண்டதொரு சீழ்க்கை. அது தொலைபேசி வழியில் எதிரொலியை அடக்கும் கருவிகளை விலகியிருக்கச் சொல்லும் கட்டளை. அடுத்து இரு மோடங்களும் தத்தம் திறமைகளை ஒன்றுக்கொன்று கூறிக்கொள்ளும். பின்னர்க் கம்பி எத்தகையது, எந்தச் சுருதி தேய்ந்து வருகிறது, இரைச்சல் எவ்வளவு என்று அளந்து பார்க்கும். அதன் முடிவில்தான் எவ்வேகத்தில் பேசுவது என்று உடன்படும். அண்டை வீட்டுப் பிள்ளைகள் அவ்வோசையைக் கேட்கவே சன்னல் ஓரம் வந்து நிற்பர். எம் தமக்கையார், “இந்தப் பூனைச் சண்டை எப்போதம்மா முடியும்?” என்பார். முடிந்து, பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டு, திரையின் மூலையில் இரண்டு சிறு கணிப்பொறிகள் பச்சையாய்க் கண்சிமிட்டும்போது ஏற்படும் மகிழ்ச்சி, தேர்வில் தேறிய மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

அம்மகிழ்ச்சி இரண்டு நிமிடம் நிலைத்தது. மூன்றாம் நிமிடம் தொடங்குமுன் இணைப்பு அறுந்தது.

ஏன் இது பேரிடர் என்பதை விளக்கவேண்டும். நிழற்படம் ஏறத்தாழ 450 கிலோபைட்டு. மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமக்கவே பிறந்தது. படத்தைச் சுமக்கவேண்டின் அதனை எழுத்துருவாக மாற்றிக் கட்டவேண்டும். மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு பருத்து 600 கிலோபைட்டு ஆகும். கம்பியின் நிலைக்கேற்ப அது வந்துசேர மூன்று முதல் ஆறு நிமிடம் வேண்டும். இடையில் அறுந்தால், வந்தவரை வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பின்னர்ப் பெறும் வழி அஞ்சற்பெட்டிக்குக் கிடையாது. முழுதும் வந்தாலன்றி ஒன்றும் வந்ததாகாது. போதாக்குறைக்கு, அறுந்தபின் உடனே மீண்டும் அழைத்தால், முன்னைய உரையாடல் முடியவில்லை என்று எண்ணி அஞ்சற்பெட்டி சில நிமிடம் பூட்டியே கிடக்கும். நான்கு நாளில் பன்னிரண்டு முறை முயன்றோம். நூற்றுக்கு எழுபது வரை வந்து ஒருமுறை அறுந்தபோது, எம் மச்சான் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார். வாசற்படியில் மூதாட்டி அமர்ந்திருந்தார்.

மடிக்கணினி பழையது, புதிது வாங்குக என்றனர் சிலர். மோடம் அட்டையை மாற்றுக என்று கோவையிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அறிவுரைத்தார். எமக்கு அவை உடன்பாடாகவில்லை. மடிக்கணினியைத் துணியில் சுற்றி, பேருந்தில் குன்னூர் நகருக்கு எடுத்துச்சென்று, அறிந்தவர் ஒருவர் வீட்டுத் தொலைபேசியில் பொருத்திப் பார்த்தோம். பதினைந்து நிமிடம் வரை இணைப்பு அறவேயில்லை. அன்று எம் அஞ்சற்பெட்டியைத் திறக்க இயலாதவாறு மறுமுனைக் கணிப்பொறி பழுதுபட்டிருந்தது. இல்லையேல் எம் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனினும் ஓர் உண்மை தெளிவாயிற்று. நோய் பெட்டியில் இல்லை. பெட்டிக்கும் தொலைபேசி நிலையத்திற்கும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது. நோய்முதல் நாடவேண்டிய எல்லை பாதியாகக் குறைந்தது.

பின்னர் அவ்வழியையும் துண்டு துண்டாக ஆராய்ந்தோம். தோட்ட அலுவலகத்துத் தொலைபேசியும் குடியிருப்புத் தொலைபேசியும் ஒரே கம்பியின் இரு கிளைகள். அங்கே யாரேனும் ஒலிவாங்கியை எடுத்தால் இங்கே இணைப்பு மாய்ந்துவிடும். ஆகவே அலுவலகம் பூட்டியபின் முயன்றோம், பயனில்லை. அலுவலகக் கிளையையே கழற்றிப் பார்த்தோம்; சிறிது தேறியது, எனினும் அறுந்தது. அடுத்துச் செய்தது எவரும் செய்யக்கூடிய எளிய சோதனை. தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் இலக்கத்தை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்று சில நொடி அமைதி நிலவும். அவ்வமைதியில் செவியை வைத்துக் கேட்கவேண்டும். நலமான கம்பியில் மெல்லிய மூச்சொலி மட்டுமே இருக்கும். எம் கம்பியிலோ எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற படபடப்பு. மழை பெய்யும்போது மிகும். இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் தணியும். காற்று வீசும்போது இடையிடையே டக்கென்று ஒரு வெட்டு. பேசுவோர்க்கு அவ்வெட்டு ஒரு பொருட்டன்று, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டு மேலே போவர். மோடமோ அதில் நிலைகுலையும்.

(இடையே ஒன்று: இடி முழங்கும் பொழுதில் இச்சோதனைகளை எவரும் செய்யற்க. மலைச்சரிவில் நெடுந்தொலைவு வரும் கம்பி மின்னலை வீட்டிற்கே அழைத்துவரும். இடியோசை கேட்டவுடன் வடத்தைக் கழற்றிவைப்பது எம் மச்சான் வீட்டில் சட்டமாக இருந்தது. அக்கம் பக்கத்தில் மோடம் கருகியவர் உண்டு.)

முறையீடு செய்த மறுநாள் லைன்மேன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் ஏணி, தலையில் சாக்கை மடித்த கொங்காணி. எம் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், பேச்சுக்கு ஒண்ணும் தெரியாது. ஈரம் உங்க கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்” என்றார். யாம் நூல்களைப் புரட்டி நான்கு நாளில் அறிந்ததை அவர் ஒரு தொடரில் கூறிவிட்டார். அவரோடு கம்பி வந்த வழியே தேயிலைச் செடிகளுக்கிடையே நடந்தோம். அட்டைகள் காலில் ஏறின. ஓரிடத்தில் சில்வர் ஓக் மரத்தின் கிளை கம்பியின்மேல் சாய்ந்து, காற்று வீசுந்தோறும் உராய்ந்துகொண்டிருந்தது. காற்றோடு வந்த வெட்டு அதுவே. அக்கிளையைக் கழித்தார். ஆலைக்குக் கீழ்ப்புறத்துக் கம்பத்தில் டி.பி. பெட்டிக்கு அருகே ஒரு பழைய இணைப்பு, துணிநாடா சுற்றியது. அவிழ்த்தபோது உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பேறி, கிள்ளினால் உதிரும் நிலையில் இருந்தது. நீர் அதில் தேங்கும்போது இரு கம்பிகளுக்கும் இடையே மின்சாரம் கசியும், காயும்போது நின்றுவிடும். கடுகு வெடித்தது அங்கேதான். களிம்பேறிய பகுதியை வெட்டியெறிந்து, புதுச்செம்பு தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, நீர்புகாத பசை அடைத்த இணைப்பியில் பொதிந்தார். தேநீர் அருந்திவிட்டு, அடுத்த முறையீட்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டே மலையிறங்கினார். அம்மழையில் அன்று அவருக்கு இன்னும் ஆறு வீடுகள் இருந்தன.

அன்றிரவு கம்பியில் படபடப்பு இல்லை, மூச்சொலி மட்டுமே. இணைப்பு நான்கு நிமிடம் நின்றது, பின் அறுந்தது. மறுநாளும் அதுவே. பதினேழாம் முயற்சி வரை இந்நிலைதான்.

இனி எஞ்சியது தொலைவு. நிலையத்திலிருந்து தோட்டம் வரை பல கிலோமீட்டர் செம்புக்கம்பி. தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்சு வரையான மனிதக்குரலுக்கென அமைந்த வழி. நீளம் கூடக்கூட அதன் உயர்ந்த சுருதிகள் தேய்ந்துபோகும். எம் மோடம் கம்பி அனுமதிக்கும் மிகுவேகத்தைப் பற்றிக்கொள்ளும் ஆசையால் நொடிக்கு 28,800 என்று உடன்பட்டுவிடும். அவ்வேகத்திற்குக் கம்பியின் இரு ஓரங்களும் வேண்டும், ஓரங்களோ நைந்தவை. மழைத்துளி ஒன்று கூடுதலாக விழுந்தாலும் பேச்சு தடுமாறும், மீண்டும் அளந்து பார்க்கும், மீண்டும் தடுமாறும், ஈற்றில் கைவிடும். இதனினும் பழைய முறை ஒன்று உண்டு. அதன் மேல்வரம்பு நொடிக்கு 14,400. அது 600 முதல் 3000 ஹெர்ட்சு வரையான நடுப்பகுதியை மட்டுமே கொள்ளும், ஓரங்களைத் தொடாது. கூச்சல் மிகுந்த பந்தியில் விரைந்து பேசுவோனை விட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசும் பெரியவரைக் கேட்பது போன்றதே இது. எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் கட்டத்தில் எக்ஸ் 3க்குப் பின் இன்னோர் ஆணையைச் சேர்த்து, அப்பழைய முறைக்கு மேலே போகாதே என்று மோடத்தைக் கட்டிவைத்தோம்.

எம் மச்சான் தயங்கினார். “நாலு நிமிஷத்துக்கே தாங்காத கம்பி. வேகத்தைப் பாதியாக்கினா ஆறு நிமிஷம் ஆகுமே, மாப்பிள்ளை?” என்றார். கணக்கு அவர் பக்கமே இருந்தது. கம்பி நம் கணக்கின்படி நடப்பதாயின் அவர் கூறியது சரிதான்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி. ஆலை ஓடவில்லை ஆதலின் மின்னழுத்தம் நிலையாக இருந்தது. அலுவலகக் கிளை கழற்றப்பட்டிருந்தது. மூதாட்டியை அன்று வாசற்படியில் விடாமல் தமக்கையார் உள்ளே அழைத்து, அடுப்பங்கரையில் கணப்பருகே அமர்த்தியிருந்தார். அழைத்தோம். பூனைச் சண்டை முன்னிலும் சுருக்கமாக முடிந்தது. நீலப்பட்டை நகரத் தொடங்கியது. இரண்டாம் நிமிடத்தில் அது மூன்றிலொரு பங்கு. நான்காம் நிமிடத்தில் எவரும் மூச்சு விடவில்லை. ஐந்தாம் நிமிடத்தில் வெளியே மழை வலுத்தது. பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது. ஆறாம் நிமிடம் முடியுமுன் பட்டை மறைந்து மடல் வந்து நின்றது.

மடலின் சொற்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். தமிழ்த்துறை மலரில் இதனைக் குறிப்பிடாமல் செல்லலாகாது. அக்காலத்தில் ஒரு கணிப்பொறியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் தமிழாகத் தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் 99 மாநாடு டாம், டாப் என்னும் தரங்களை வகுத்தது. டிஸ்கி என்னும் குறியேற்றம் வெளிநாட்டுத் தமிழரிடையே வழங்கியது. 1991இலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தும், எம் மடிக்கணினி போன்ற விண்டோசு 95 இயந்திரங்களுக்கு அதைக் காட்டத் தெரியாது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். இவற்றின் நடுவே, கற்றறிந்த இளைஞரும் தம் பாட்டியின் நலத்தை ஆங்கில எழுத்துகளிலேயே எழுதினர். கட்டமாகவும் வினாக்குறியாகவும் சிதைந்து வருவதினும் அதுவே மேல் என்று யாமும் அன்று எண்ணினோம். பேரன் எழுதியதை யாம் உரக்கப் படிக்கப் படிக்க, அட்டன் தோட்டத்து வழக்கு எழுத்தின் சிறையினின்றும் வெளிவந்து அவ்வறையில் ஒலித்தது.

பின்னர்ப் படத்தைத் திறந்தோம். மேலிருந்து கீழாக வரிவரியாக விரிந்தது. நாற்காலியில் ஒரு கிழவி; மெலிந்த தோள்; அருகே பட்டுடுத்த இளம்பெண்ணொருத்தி நின்றாள். மூதாட்டி திரைக்கு வெகு அருகில் வந்து நின்றார். தொடலாமா என்று கேட்டார். நெடுநேரம் பேசவில்லை. அழவுமில்லை. பிறகு, “காது மூளியா இருக்கேய்யா” என்றார்.

தலைமன்னார்த் துறையில் பிரியும்போது தம் தாயார் இருவர் காதிலும் ஒரே மாதிரியான சிவப்புக்கல் கம்மல் இருந்ததைப் பார்த்து மனம் தேறியதாகவும், என்ன வறுமையிலும் அதனைக் கழற்றலாகாது என்று இருவரும் சொல்லிக்கொண்டதாகவும் அப்போதுதான் கூறினார். அவர் காதில் அக்கம்மல் இருந்தது; ஒன்பது நாளும் யாம் பார்த்ததே. கழற்றியது கடனுக்கா, மருந்துக்கா என்று கேட்டு எழுதுமாறு சொன்னார். கேட்பது தங்கைக்கு வருத்தம் தருமோ என்று உடனே அஞ்சினார். ஈற்றில், “கம்மல் எங்கேன்னு மட்டும் கேளுங்க; வேற ஒண்ணும் கேக்காதீங்க” என்றார். அவ்வினாவையும் நலம் உசாவும் நான்கு வரிகளையும் எழுதினோம். இரண்டு கிலோபைட்டும் தேறாத அம்மடல் சில நொடியில் போய்விட்டது.

மறுமொழி செவ்வாய் மாலை வந்தது. அதுவும் சிறு மடலாதலின் இடையூறில்லை. பேத்தியின் திருமணத்திற்குப் பாட்டி அக்கம்மலைப் போட்டுவிட்டாள் என்றும், படம் அத்திருமணத்தன்று எடுத்தது என்றும், அருகே நிற்பவளே மணமகள் என்றும் பேரன் எழுதியிருந்தான். படத்தை மீண்டும் திறந்து இளம்பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினோம். பெரிதாக்க ஆக்கப் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. எனினும் காதிருந்த இடத்தில் நான்கைந்து சதுரங்கள் சிவந்திருந்தன. மூதாட்டி தம் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை தீபாவளி. மறுநாள் படத்தை நெகிழ்தட்டு ஒன்றில் ஏற்றிக்கொண்டு, மூதாட்டியோடு பேருந்தில் குன்னூர் சென்று, நிழற்படக் கடையொன்றில் அச்சிடக் கொடுத்தோம். பாட்டியின் முகத்தை மட்டும் நடுவில் வைத்துப் பெரிதாக அச்சிட்டால் அழகாக இருக்கும் என்றார் கடைக்காரர். மூதாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் புள்ளைய வெட்டிராதீங்கய்யா. ரெண்டு பேரும் வேணும்.”